கதிரை மாறும் திங்கள்

அவரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் எங்கேயாவது நான் இளகிவிட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. எங்கள் கந்தோரில் அவர் மனேஜராக இருந்தது இரண்டரை வருடம். அந்த இரண்டரை வருடத்தில் ஒரு சாமானையும் வைத்த இடத்தில் இருக்க விடவில்லை. அலுமாரி நகர்ந்தது. மேசைகள் நகர்ந்தன. பத்து மணித் தேத்தண்ணி பத்தரைக்குப் போனது, பிறகு ஒன்பதேமுக்காலுக்கு வந்தது. கடைசியில் என்னையும் நகர்த்தினார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பெயர் வேண்டாம். நாங்கள் எல்லாரும் "மிஸ்" என்றுதான் கூப்பிட்டோம். மட்டக்களப்புப் பக்கத்து ஆள். கட்டை உருவம். சேலையைக் கணுக்கால் தெரியத் தூக்கிக் குத்தியிருப்பார், காலில் இறப்பர் செருப்பு. மனேஜர் என்று சொல்ல ஒரு லட்சணம் வேண்டாமா? நாங்கள் "வாங்கோ, இருங்கோ" என்று நீட்டிச் சொல்வதை அவர் "வாங்க, இருங்க" என்று பட்டென்று முடித்துவிடுவார். வந்த முதல் நாளே வாயில் ஒரு வசனத்தோடுதான் வந்தார்: "மாறித்தான் பாப்பமே." கேட்பதற்குக் கேள்வி மாதிரி இருக்கும். அடுத்த நாள் காலை வந்து பார்த்தால் காரியம் நடந்து முடிந்திருக்கும்.

எங்கள் தொழில் திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுப்பது. மரக்கறி, மீன், முட்டை, குடிதண்ணீர், கேட்டால் கருவேப்பிலை கூட. முதலாளி கொழும்பில் இருந்தார். இங்கே நாங்கள் ஐந்து பேர். மிஸ், நான், ஸ்டோரில் கிண்ணியா நிசார் நானா, லொறி ஓட்டுகிற குகன், கடிதம் டைப் அடிக்கிற பிள்ளை வதனி. என் வேலை ஓடர் எடுப்பது. லோஞ்ச் படகில் போய், கப்பல் ஏணியில் ஏறி, சமையல்காரனோடு அரை மணித்தியாலம் கதைத்து, கொப்பியில் எழுதிக்கொண்டு வருவேன். பத்தொன்பது வருடம் அதைத்தான் செய்தேன். என் கதிரை யன்னல் பக்கம் இருந்தது. அதில் இருந்தால் குடாவுக்குள் கப்பல் நுழைவது தெரியும். சீனன்குடாவுக்குத் திரும்பப்போகிற எண்ணெய்க் கப்பல் எது, எங்கள் பக்கம் வரப்போகிற கப்பல் எது என்று மூக்கைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கதிரையில் வேறு ஒருவரும் இருந்ததில்லை. இருக்கக் கேட்டதும் இல்லை.

மிஸ் வந்து மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை, எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"இனி மாசத்தில முதல் திங்கள் கதிரை மாறுற நாள். ஆளுக்கு ஆள் வேலையை மாத்திச் செய்வம். ஒரு நாள்தானே."

"எதுக்கு மிஸ்?" என்றேன்.

"நீங்க நாளைக்குக் காய்ச்சலில விழுந்தா ஆர் ஓடர் எடுக்கிறது அண்ணன்?"

"நான் காய்ச்சலில விழுறேல்ல."

குகன் களுக்கென்று சிரித்தான். மிஸ் சிரிக்கவில்லை. "மாறித்தான் பாப்பமே" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அன்று தேத்தண்ணி ஊற்றுகிற வேலையை அவர் தனக்கு எடுத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தத் தேத்தண்ணி வாயில் வைக்க ஏலாது.

என்னை ஸ்டோருக்கு அனுப்பினார். நிசார் நானா மேலே வந்து என் கதிரையில் இருந்தார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்தேன். மனுசன் தொப்பியைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டோரில் எனக்கு வந்த முதல் ஓடர்த் துண்டு நானே சனிக்கிழமை எழுதிக் கொடுத்த துண்டு. மூன்று கப்பல் ஓடர் ஒரே நாளில் எடுத்தபடியால் எது எந்தக் கப்பல் என்று ஞாபகம் இல்லை. துண்டில் "வெ.கா. 60" என்று இருந்தது. வெண்டிக்காய் அறுபது கிலோ. அவ்வளவு வெண்டிக்காய் எதற்கு என்று நினைத்தேன், ஆனாலும் எழுதியது நான், பிழைக்காது என்ற எண்ணம். குகனை விரட்டி, சந்தை முழுக்கக் கிண்டி, அறுபது கிலோ சேர்த்துக் கப்பலுக்கு ஏற்றிவிட்டேன். பின்னேரம் கப்பலில் இருந்து சமையல்காரன் போன் எடுத்தான். அதற்குப் பதில் சொன்னது என் கதிரையில் இருந்த நிசார் நானா. சமையல்காரன் கேட்டது வெங்காயமாம்.

நிசார் நானா படியிறங்கி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி மெதுவாகச் சொன்னார்: "நீங்க கா-வைச் சின்னனா எழுதினா வெங்காயம், பெருசா எழுதினா வெண்டிக்காய். இவ்வளவு வருசமும் நான் அப்பிடிப் பாத்துத்தானே ஏத்துறன்."

கந்தோரே சிரித்தது. வதனி மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். மிஸ் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் அந்தக் கெட்டுப்போன தேத்தண்ணியை என் கையில் தந்து, "நல்ல காலம், இண்டைக்குத் தெரிஞ்சுது. இனி முழுப் பேரா எழுதுவம்" என்றார். அவ்வளவுதான். அந்தக் கிழமை முழுக்கக் குகன் என்னைக் கண்டால் "வெண்டி அண்ணை" என்று கூப்பிட்டான்.

அவர் செய்ததெல்லாம் சரியாக வந்தது என்று நினைக்கவேண்டாம். சாக்கு வேண்டாம், பிளாஸ்டிக் பெட்டியில் அனுப்புவோம் என்று ஒரு நாள் கிளம்பினார். நான் சொன்னேன், லோஞ்ச் ஆடும், பெட்டி நிற்காது என்று. "மாறித்தான் பாப்பமே." மாறினோம். நடுத்துறையில் லோஞ்ச் சரிந்து ஆறு பெட்டி முட்டைக்கோவா கடலுக்குள் போனது. பச்சைப் பச்சையாகத் தலைகள் மிதந்துகொண்டு கரைக்கு வந்தன. சவாரிப் படகில் போன சனம் கைதட்டியது. எனக்கு உள்ளுக்குள் பொங்கிய சந்தோசத்தைச் சொல்லியே ஆகவேண்டும். இன்றைக்கு இந்த மனுசி தலையைக் குனியத்தான் வேண்டும் என்று கந்தோர் வாசலில் காத்துக்கொண்டு நின்றேன்.

வந்தார். சேலைக் கரை நனைந்திருந்தது. எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "என்ட பிழை. அண்ணன் சொன்னவர், நான் கேக்கல்ல. நாளையிலிருந்து சாக்குத்தான்."

பிறகு போய்க் கதிரையில் இருந்து அடுத்த வேலையைப் பார்த்தார். ஒரு மனிதன் பிழைவிட்டால் ஒரு நாளாவது முகம் கறுக்க வேண்டாமா? அந்த ஒரு நாளை எனக்குத் தராமல் போனதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். என் ஆயுளில் நான் "என் பிழை" என்று சொன்னது கிடையாது. அவருக்கு அது துடைத்துவிட்டுப் போகிற வேர்வை மாதிரி இருந்தது.

ஒரே ஒரு விசயத்தில்தான் அவர் என்னிடம் தோற்றார். அது ஒரு எழுத்து.

நான் ஊர்ப்பெயரைத் திருக்கோணமலை என்றுதான் எழுதுவேன். என் அப்பா அப்படி எழுதினார், எனக்குப் படிப்பித்த வாத்தியார் அப்படி எழுதினார். கம்பனிக் கடிதத் தலைப்பில் "திருகோணமலை" என்று க் இல்லாமல் அச்சடித்திருந்தது. பாதி நாடு அப்படித்தான் எழுதுகிறது, எழுதட்டும். கதிரை மாறும் நாட்களில் எனக்குக் கொம்பியூட்டரில் தமிழ் டைப் அடிக்கப் பழக்கியது மிஸ்தான். ஒற்றை விரலால் தட்டித் தட்டி நான் அடித்த முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தார்.

"அண்ணன், தலைப்பில ஒரு மாதிரி, கீழ வேற மாதிரி இருக்கு. இந்த க்-கை எடுத்து விடுவமா?"

"எடுக்க ஏலாது மிஸ். க் வர வேணும். அதுதான் சரி."

"சரியா இருக்கலாம். கப்பல்காரன் ரெண்டு ஊரெண்டு நினைக்கப் போறான்."

"நினைக்கட்டும். என்ர கையால க் இல்லாம வராது."

அவர் தாளை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பித் தந்தார். "சரி. உங்கட அந்த ஒரு எழுத்தை நான் தொடமாட்டன்." வதனியிடமும் சொல்லிவைத்தார், அண்ணன் அடிக்கிற கடிதத்தில் ஊர்ப்பெயரைத் திருத்த வேண்டாம் என்று. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நான் சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு போனேன்.

பிறகு கப்பல்கள் குறைந்தன. கிழமைக்கு நாலு வந்த இடத்தில் ஒன்று வந்தது, சில கிழமை அதுவும் இல்லை. அதற்கு மேலே, கப்பல் சமையல்காரர்கள் வட்ஸ்அப்பில் ஓடர் அனுப்பும்படி மிஸ் ஏற்பாடு செய்திருந்தார். கப்பல் நங்கூரம் போட முதலே பட்டியல் வந்துவிடும். நான் ஏணி ஏறத் தேவையில்லை. கொப்பி தேவையில்லை. யன்னல் பக்கம் இருந்துகொண்டு கப்பலின் மூக்கைப் பார்க்கிற ஒரு ஆள் எதற்கு? கொழும்பிலிருந்து கதை வந்தது, ஒரு ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. மூத்தவள் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் இன்னொரு வாசலில் என்னை ஆர் ஏற்றுவான்?

ஒரு காலை, மிஸ்ஸின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. முதலாளியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் சேர். ஒரு ஆள்தானே குறையணும். ஆரெண்டு நான் முடிவெடுத்திட்டன். இல்ல சேர், யோசிக்க ஒண்டுமில்ல. அடுத்த மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடலாம்."

இதற்குத்தானே இவ்வளவும் என்று அப்போது எல்லாம் விளங்கினமாதிரி இருந்தது. நிசார் நானாவை என் கதிரையில் இருத்திப் பார்த்தது, வதனியை லோஞ்சில் அனுப்பிப் பார்த்தது, நான் இல்லாமல் எல்லாம் நடக்குமா என்று அளந்து பார்த்தது. வெட்டுகிறதுக்கு முன் தடவிப் பார்த்திருக்கிறாள் பாவி.

சனிக்கிழமை அரை நாள். எல்லாரும் போன பிறகு நான் கொம்பியூட்டரின் முன்னால் இருந்து பெட்டிசம் அடித்தேன். எங்கள் ஊரில் ஒரு ஆளை நேரே எதிர்க்கத் துணிவில்லாதவன் செய்கிற வேலை அதுதான். பெயரில்லாத மொட்டைப் பெட்டிசம், மேலிடத்துக்கு. ஊழியர்களைத் தேவையில்லாமல் இடம் மாற்றிக் கந்தோர் ஒழுங்கைக் குலைக்கிறார், அனுபவசாலிகளைத் தேத்தண்ணி ஊற்ற வைக்கிறார், கம்பனியின் கோவாவைக் கடலில் கொட்டினார், இவரை உடனே நீக்கவும். கீழே "உண்மை ஊழியர்கள்" என்று போட்டேன். பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, கையால் எழுதாததால் எழுத்தைப் பார்த்தும் பிடிக்க முடியாது. அவர் பழக்கிய டைப்பாலேயே அவருக்கு வேட்டு வைத்தேன் என்று ஒரு குரூரமான திருப்தி. உறையைத் தபாற்கந்தோரில் போட்டுவிட்டு வந்து, நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தேன்.

பத்து நாள் போனது. மிஸ்ஸின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே இறப்பர் செருப்பு, அதே "மாறித்தான் பாப்பமே". முதல் திங்கள் வந்தது. வழக்கமாக அவர் யாருடைய வேலையையாவது எடுப்பாரே தவிர, அவருடைய கதிரையை யாருக்கும் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்: "இண்டைக்கு அண்ணன் என்ட கதிரையில."

நக்கல் என்றுதான் நினைத்தேன். போகிறவனுக்கு ஒரு நாள் ராசா வேசம். அந்தக் கதிரையின் நுனியில் இருந்தேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பொழுது சாயும் வரைக்கும் எனக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். துறைமுக வாசலில் எந்த அனுமதிக்கு யாரைக் கேட்பது, முதலாளி எத்தனை மணிக்கு நல்ல மனதில் இருப்பார், எந்தக் கப்பல் ஏஜென்ட் பொய் சொல்வான். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

எழும்பும்போது கேட்டார்: "கதிரை எப்பிடி அண்ணன்?"

"முதுகு நோகுது."

"ஓம்," என்றார். "அது நோகும்."

மாசக் கடைசியில் மிஸ் போய்விட்டார். போவதற்கு முதல் நாள் வரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை. குறைக்கிற ஒரு ஆள் அவர்தான். அந்தக் கதிரைக்கு என்னைப் போட்டிருக்கிறது என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. என் பெட்டிசம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோசப்பட்டேன்.

முதல் வேலையாகக் கதிரை மாறும் திங்களை நிற்பாட்டினேன். இரண்டாவதாக அவருடைய மேசை லாச்சியைத் துப்புரவாக்கத் திறந்தேன். அடியில் ஒரே ஒரு தாள் கிடந்தது. என் பெட்டிசம். வலப்பக்க மூலையில், பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கினபடி, நான் ஒழுங்காக ஊர்ப்பெயரும் திகதியும் அடித்திருந்தேன். மொட்டைப் பெட்டிசத்துக்கு எவனாவது ஊரும் திகதியும் போடுவானா? நான் போட்டிருந்தேன். திருக்கோணமலை. அந்த க்-கைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். வேறு ஒரு சொல் இல்லை.

நான் லாச்சியை மூடினேன். அறைக் கதவையும் மூடினேன். என் காது இரண்டும் கொதித்தன. அந்த ஸ்டூலில் இருந்து நாள் முழுக்க எனக்குச் சொல்லித் தந்தபோது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாலு மாசம் கழித்து முதலாளி வந்தார். ஏதோ கதையில் நானே வாயைக் கொடுத்தேன், மிஸ்ஸைப் பற்றிப் பெட்டிசம் ஒன்று வந்ததாமே என்று.

"அது வர முதலே அவ போறதெண்டு சொல்லிட்டா," என்றார் முதலாளி. "மற்ற நாலு பேரும் எல்லா வேலையும் பழகிட்டினம், என்னைத் தூக்கினா ஒண்டும் நிக்காது, ஆனா அவையில ஒராளைத் தூக்கினா ஒரு வீடு நிண்டுபோகும் எண்டா. பெட்டிசத்தை நான் விளக்கம் கேட்டு அவவுக்கே அனுப்பினனான். திருப்பி ரெண்டு வரிதான் எழுதினா. 'எழுதியிருப்பது எல்லாம் உண்மை. எழுதியவர் யாரென்று தெரியாது.'"

நான் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"உங்களைப் போடச் சொன்னதும் அவதான்," என்றார். "அவரை மாத்துறது கஷ்டம், மாத்திட்டா பிறகு பிடிச்சதை அந்த ஆள் விடமாட்டார் எண்டா."

இது புகழ்ச்சியா? ஒரு மனிதனைப் பற்றிச் சொல்கிற கதையா இது? பிடிவாதம் பிடித்த மாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அன்றிரவு எனக்கு வந்த கோபத்தில் சோறு இறங்கவில்லை. நான் குத்தினதை அவர் ஒரு குத்தாகக் கூட எடுக்கவில்லை. என் பெட்டிசம் யாரையும் வீழ்த்தவில்லை. அதற்கு முன்னமே அவர் எழும்பி எனக்குக் கதிரையை விட்டிருக்கிறார்.

அடுத்த வருடம் எனக்கு டெங்கு வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்து பார்த்தால் ஒரு கப்பலும் பட்டினி கிடக்கவில்லை. வதனி முதலாளியோடு கதைத்திருக்கிறாள். நிசார் நானா வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்திருக்கிறார், எல்லாம் முழுப் பெயரில். குகன் ஸ்டோரைப் பார்த்திருக்கிறான். "காய்ச்சலில விழுறேல்ல எண்டனீங்கள்" என்றான், பல்லைக் காட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு மாசத்தில் முதல் திங்கள் நாங்கள் வேலையை மாற்றிச் செய்கிறோம். அதற்கு நான் ஒரு பெயரும் வைக்கவில்லை. அவர் வைத்த பெயரை என் வாயால் சொல்லவும் மாட்டேன். அந்த நாளில் தேத்தண்ணி ஊற்றுவது நான். என் தேத்தண்ணி அவருடையதை விட எவ்வளவோ மேல்.

போன கிழமை அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று எடுத்தேன். போனில் சொல்லலாம்தான். சொன்னால் "அதெல்லாம் விடுங்க அண்ணன்" என்று சிரித்துவிடுவார், அந்தச் சிரிப்பைக் கேட்க என்னால் ஏலாது. வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு வலப்பக்க மூலையில் பேனாவை ஊன்றினேன். ஊர்ப்பெயர் எழுத வேண்டும். "திரு" என்று எழுதினேன். அங்கேயே நின்றுவிட்டது.

க் போடாவிட்டால், கடைசியில் அந்த மனுசி என்னை வென்றதாகிவிடும். போட்டால், அந்தப் பெட்டிசம் எழுதின கை இதுதான் என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பாருங்கள், என்னை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார் என்று. மேசையில் தேத்தண்ணி ஆடை கட்டிப்போனது.

வதனி பைலோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணை, அரைச் சொல்லோட நிக்கிறீங்கள்?"

"நீ போய் உன்ர வேலையைப் பார் பிள்ளை."

அவள் போன பிறகு எழுதினேன். திருக்கோணமலை. க் கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. அதற்குக் கீழே திகதியைப் போட்டேன், கையெழுத்தைப் போட்டேன். நடுவில் எழுத வேறு ஒன்றும் இருக்கவில்லை. தாளை மடித்து உறையில் வைத்து ஒட்டி, யாரிடமும் கொடுக்காமல் நானே தபாற்கந்தோருக்கு நடந்துபோய்ப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.